உபீற்சிக் கலைக்கூடமும் பலிபீட ஓவியங்களும்

இத்தாலி நாட்டிலே, தஸ்கனி மாநிலத்தின் தலைநகராகிய புளோறன்ஸ் நகரத்தில், ஆர்னோ ஆற்றின் வடகரையை அடுத்து நீண்டுயர்ந்த கட்டடம் ஒன்று உளது. ஒன்றையொன்று நோக்கிய இரு நெடிய பக்கங்களும், ஆற்றோரத்தில் அவற்றை இணைக்கும் ஒரு குறுகிய பக்கமுமாக அமைந்த அக்கட்டடத்தின் பெயர் உபீற்சி என்பதாகும். அச்சொல்லுக்குக் 'கந்தோர்கள்' என்பதே பொருள். உலகின் தலைசிறந்த ஓவியச் சேமிப்புக்களுள் ஒன்று, ஒருகாலத்திற் கணக்கரும் நீதிபதியரும் இருந்து அலுவல் புரிந்த இடத்தின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கின்றது.

அங்குச் செல்வார் முதலிற் காண்பது ஓவியத்தையன்று. தமக்கு முன்னே நிற்போரின் முதுகுகளையே. நாளும் நேரமும் குறித்து நுழைவுச்சீட்டை முன்கூட்டிப் பெற்றோர் ஒரு வரிசையிலும், பெறாதோர் அதனினும் நீண்ட மற்றொரு வரிசையிலுமாகக் காத்து நிற்பர். பின்னர்ப் பொருள்களைச் சோதிக்கும் வாயிலைக் கடந்து, அகன்ற படிக்கட்டுக்கள் பலவற்றை ஏறி, மேன்மாடத்தை அடைதல் வேண்டும். 2023ஆம் ஆண்டில் உபீற்சி, அதனோடு ஒரே நிருவாகத்தைச் சேர்ந்த பிற்றி மாளிகை, பொபொலிப் பூந்தோட்டம் ஆகிய மூன்றையும் கண்டு சென்றோர் தொகை 50 இலட்சத்திற்கும் மேலாகும். இவ்வளவு பெருந்திரளான மக்கள் காணச் செல்லும் பொருள்கள் யாவை, அவை ஆங்கு வந்து சேர்ந்தவாறு எங்ஙனம் என்பன அறியத்தக்கன. அவற்றுட் பெரும்பகுதி காட்சிக்கென ஆக்கப்பட்டனவல்ல. தேவாலயத்திலே மெழுகுவர்த்தி ஒளியில் முழந்தாளிட்டு நிற்பார் கண்ணுக்கென ஆக்கப்பட்டவை அவை. இவ்வுண்மையை மனத்திற் கொள்ளாது அக்கலைக்கூடத்தைச் சுற்றிவருவோர், கால் நோவதன்றிப் பிறிதொரு பயனும் பெறார்.

கட்டடத்தை எழுப்புவித்தவன் மெடிச்சிக் குடும்பத்தைச் சேர்ந்த முதலாங் கொசிமோ. நகரெங்கும் சிதறிக் கிடந்த அரசாங்க அலுவலகங்களையும் நீதிமன்றங்களையும் தன் கண்பார்வையின் கீழ் ஓரிடத்தே கொணர விரும்பிய அவன், 1560ஆம் ஆண்டில் அப்பணியை ஜோர்ஜியோ வசாரி என்பவரிடம் ஒப்புவித்தான். வசாரி கட்டடக் கலைஞர், ஓவியர், இவை இரண்டினும் மேலாக, இத்தாலிய ஓவியர், சிற்பியர், கட்டடக் கலைஞர் ஆகியோரின் வரலாறுகளை 1550இலும், விரித்துத் திருத்தி 1568இலும் வெளியிட்ட நூலாசிரியர். மேனாட்டுக் கலைவரலாறு என்னுந் துறைக்கு அந்நூலே தோற்றுவாய் எனலாம். கொசிமோவும் வசாரியும் 1574ஆம் ஆண்டிலேயே இறந்தனராக, வேலையை முடித்தவர் புவொந்தலெந்தி முதலியோர். இடையில் 1565இல், கொசிமோவின் மகன் பிரான்சிசுக்கோவின் திருமணத்தை முன்னிட்டு, உபீற்சியிலிருந்து பழைய பாலத்தின்மேலாக ஆற்றைக் கடந்து பிற்றி மாளிகை வரை செல்லும் மூடுவழி ஒன்றை வசாரி ஐந்தே மாதங்களிற் கட்டி முடித்தார். அரச குடும்பத்தினர் குடிகளின் கண்ணிற் படாது வீட்டிலிருந்து அலுவலகத்துக்குச் செல்லும் வழி அது. பல ஆண்டுகள் மூடப்பட்டிருந்த அவ்வழி 2024 டிசெம்பரில் மீண்டும் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

தந்தை கந்தோர்களுக்கெனக் கட்டிய இடத்தின் மேன்மாடத்தை, 1581ஆம் ஆண்டளவில் மகன் பிரான்சிசுக்கோ கலைப்பொருள்களுக்கென ஒதுக்கினான். வெளிச்சம் மிக்க அந்நெடிய நடைகளிற் பண்டைய உரோமச் சிலைகள் நிரல்பட நிறுத்தப்பட்டன. 'திரிபூனா' என வழங்கும் எண்கோண அறையைப் புவொந்தலெந்தி அமைத்தார். அதன் கவிகை மாடத்தில் ஆயிரக்கணக்கான சிப்பிகள் பதிக்கப்பட்டுள்ளன, சுவர்கள் செந்நிறமானவை. இன்று அவ்வறையினுட் கால் வைத்தல் இயலாது. வாயிலில் நின்று எட்டிப் பார்த்தலே வழக்கம். மூலத்தானத்தை வெளியே நின்று தரிசிப்பார் போலப் பார்வையாளர் அங்கே ஒருவர் பின் ஒருவராக நின்று தலையை நீட்டுவர்.

அரசர் சேர்த்த செல்வம் நகரத்தாரின் உடைமையானது ஒரு பெண்மணியாலேயாம். மெடிச்சிக் குடும்பத்தின் இறுதி ஆண்மகன் 1737இல் மகப்பேறின்றி இறந்தான். தஸ்கனி, ஐரோப்பிய வல்லரசுகளின் ஏற்பாட்டின்படி, லொறேன் வமிசத்தார் கையிற் சென்றது. அவ்வாண்டிலே அக்குடும்பத்தின் கடைசி வாரிசாகிய அன்னா மரியா லுயீசா புதிய ஆட்சியாளரோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். தம் முன்னோர் திரட்டிய ஓவியம், சிலை, நூல், அணிகலன் முதலியன யாவும் புளோறன்ஸ் நகரைவிட்டு அகற்றப்படலாகாது என்பதே அதன் சாரம். அரசுக்கு அணியாகவும், மக்களுக்குப் பயனாகவும், பிறநாட்டாரை ஈர்ப்பனவாகவும் அவை அங்கேயே இருத்தல் வேண்டும் என அவர் காரணமுங் கூறினார். படைவலியோ நிலவலியோ இல்லாத ஒருவர், எழுத்தொன்றினால் ஒரு நகரத்தின் எதிர்காலத்தைக் காத்த செயலாகும் இது. இத்தாலியின் வேறு பல அரச குடும்பங்களின் சேமிப்புக்கள் ஏலத்திற் போய்ச் சிதறியமையை நோக்குவார்க்கு இதன் அருமை விளங்கும். 1743இல் அவர் இறந்தார். 1769இல், பேரரசப் பிரபு பியெற்றோ லெயொப்போல்டோ கலைக்கூடத்தின் கதவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்.

இவ்வாறு திறந்துவைத்தவரே தேவாலயங்களின் ஓவியங்கள் வெளியேறுதற்கும் ஒருவகையிற் காரணரானார். 1780ஆம் ஆண்டுகளில் அவர் மடங்கள் பலவற்றை மூடுவித்தார். பின்னர் நெப்போலியனின் ஆட்சிக் காலத்தில், 1808க்கும் 1810க்கும் இடையில், எஞ்சிய மடங்களும் கலைக்கப்பட்டன. பலிபீடங்களின்மேல் நூற்றாண்டுக் கணக்காக நின்ற ஓவியங்கள் முதலில் நுண்கலைக் கழகத்தின் சேமிப்பிற் சேர்ந்தன; அவற்றுட் பல பிற்காலத்தில் உபீற்சிக்கு வந்தன. சிமாபூவே, ஜியோற்றோ என்போர் தீட்டிய பெரும் மரியன்னை ஓவியங்கள் இரண்டும் 1919இல் அங்ஙனம் வந்தவை. டூச்சியோ தீட்டிய மூன்றாவது ஓவியம் சாந்தா மரியா நொவெல்லாத் தேவாலயத்திலிருந்து 1948இல் வந்தது.

இம்மூன்றும் ஒரே மண்டபத்தில் நிற்கின்றன. மேன்மாடத்திற் புகுவார் தொடக்கத்திலேயே இம்மண்டபத்தை அடைவர். ஆயினும் பொற்றிச்செல்லியின் ஓவியங்களைக் காண விரைவோர் பலர் இதனை ஒரு கண்ணோட்டத்திற் கடந்து போவர். அஃது இரங்கத்தக்கது. இம்மண்டபத்திற் செலவிடும் அரைமணி நேரம், அப்பால் உள்ள அறைகள் யாவற்றுக்கும் திறவுகோலாகும். 1956இல் முடிவெய்திய திருத்தவேலையின்போது மிக்கெலூச்சி, ஸ்கார்ப்பா, கார்டெல்லா என்னும் மூன்று கட்டடக் கலைஞர் இதனை அமைத்தனர். இடைக்காலத் தேவாலயத்தின் முகட்டை நினைவூட்டும் மரச்சட்டங்கள் மேலே தோன்ற, வெறுமையான வெண்சுவர்களுக்கிடையே ஓவியங்களை நிறுத்தினர். இழந்த இடத்தின் சாயலையேனும் அளித்தல் அவர்கள் கருத்துப்போலும்.

மூன்று ஓவியங்களுக்கும் பொருள் ஒன்றே: குழந்தை யேசுவை மடியில் ஏந்திய மரியன்னை, தேவதூதர் சூழ அரியணையில் வீற்றிருத்தல். சிமாபூவேயின் ஓவியம் 13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் சாந்தா திரினித்தாத் தேவாலயத்துக்கெனத் தீட்டப்பட்டது. ஏறத்தாழ 4 மீற்றர் உயரமுடையது. எண்மர் தேவதூதர் அரியணையின் இருமருங்கும் ஒருவர்மேல் ஒருவராக நிற்க, அடியில் நான்கு தீர்க்கதரிசிகள் காணப்படுகின்றனர். ஆடையின் மடிப்புக்கள் பொற்கோடுகளாற் குறிக்கப்பட்டுள்ளன. பைசாந்திய மரபு இது. கண்ணுக்குத் தெரியும் உலகத்தைக் காட்டல் அம்மரபின் நோக்கமன்று.

டூச்சியோ சியேனா நகரத்தவர். அவரது ஓவியம் நாலரை மீற்றர் உயரமும் ஏறத்தாழ 3 மீற்றர் அகலமும் வாய்ந்தது. புளோறன்ஸ் நகரில் மரியன்னையைப் பாடித் துதிக்கும் அடியார் சங்கம் ஒன்று 1285ஆம் ஆண்டு ஏப்பிரிலில் அவரோடு எழுதிய ஒப்பந்தம் இன்றும் உளது. கூலி 150 லீரா. ஓவியம் தமக்குப் பிடித்தபடி அமையாதாயின் சங்கத்தார் பணங் கொடுக்கக் கடமைப்பட்டவரல்லர் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. சங்கத்தார் கணக்கிற் கண்டிப்பானவர். ஆனால் அவர்கள் வேண்டியது தம் பாட்டுக்கு முன்னே நிற்பதற்குரிய ஒரு திருவுருவமே. மாலைதோறும் கூடிப் பாடும் அடியார் தலைக்குமேல், விளக்கொளி அசைய அசையப் பொன்னிறப் பின்னணி மின்னி மங்கி மின்னுமாறு அமைந்தது அது. வசாரி இதனைச் சிமாபூவேயின் படைப்பு எனத் தம் நூலிற் பிழையாக எழுதினார். பிற்கால ஆராய்ச்சி அதனைத் திருத்தியது.

பொன்னிறப் பின்னணி எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதையும் இவ்விடத்து விளக்குதல் தகும். பொப்லர் மரப் பலகைகளை ஒட்டி இணைத்து, அவற்றின்மேல் வெண்சுதையையும் வச்சிரப் பசையையும் குழைத்துப் பல முறை பூசித் தேய்ப்பர். உலர்ந்தபின் அது தந்தம்போல வழுவழுப்பாகும். பொன் நிற்கவேண்டிய இடத்திற் செங்களிமண் பூசி, அதன்மேல் மூச்சுப்பட்டாலும் பறக்கும் மெல்லிய பொன்னிதழ்களை ஒட்டி, மெருகுக்கல்லால் தேய்ப்பர். செம்மண்ணின் சாயல் கீழிருந்து ஊடுருவுதலாற் பொன்னுக்கு ஒரு வெம்மை உண்டாகின்றது. வண்ணப்பொடிகளை முட்டையின் மஞ்சட்கருவிற் குழைத்துத் தீட்டுவர். முகத்துக்கு முதலிற் பச்சைமண் நிறத்தைப் பூசி, அதன்மேல் ஊன் நிறத்தை ஏற்றுதல் வழக்கம். மேற்பூச்சுத் தேய்ந்த பழைய ஓவியங்களில் முகங்கள் பசுமை பாய்ந்து தோன்றுதற்குக் காரணம் இதுவே. பார்வையாளர் சிலர் நினைப்பதுபோல ஓவியரின் பிழையன்று. அன்னையின் மேலாடைக்கெனச் சிறந்த நீலம் வேண்டுமாயின், ஆப்கானித்தான் மலைகளில் எடுக்கப்படும் நீலக்கல்லை அரைத்துப் பெறவேண்டும். கடலுக்கு அப்பாலிருந்து வந்தது என்னும் பொருளிலேயே அந்நிறத்துக்குப் பெயரும் அமைந்தது. விலையேறிய பொருள்களைக் கடவுட்காரியத்துக்கே இடுதல் எச்சமயத்தாருக்கும் பொதுவான இயல்பன்றோ?

மூன்றாவது ஓவியம் ஜியோற்றோவுடையது; 1300க்குப் பிந்திய சில ஆண்டுகளில் ஒஞ்ஞிசாந்தித் தேவாலயத்துக்கெனத் தீட்டப்பட்டது. பொன்னிறப் பின்னணி இதற்கும் உண்டு. ஆயின் அன்னையின் உடல் இங்கே கனமுடையதாய் அரியணையில் அமர்ந்திருக்கின்றது. ஆடையின் கீழே முழங்கால் உண்டென்பது தெரிகின்றது. அரியணைக்கு ஆழம் உண்டு; அதன் பக்கத் துவாரங்களினூடே பின்னிற்பாரின் முகம் தோன்றுகின்றது. முன்னே இரு தேவதூதர் பூக்குடம் ஏந்தி, நிலத்தில் உண்மையாகவே முழந்தாளிட்டுள்ளனர். டூச்சியோவின் தேவதூதரோ வானிலே முழந்தாளிட்டவர். இருபது ஆண்டுகளுக்குள் நிகழ்ந்த இம்மாற்றமே பின்னர் மறுமலர்ச்சி எனப் பெயர்பெற்ற பேரியக்கத்தின் முதல் அசைவு. மூன்றையும் மூன்று தேவாலயங்களிற் சென்று காண்பார்க்கு இவ்வேறுபாடு இத்துணைத் தெளிவாகப் புலப்படாது என்பதையும் நடுநிலையாக நின்று சொல்லல் வேண்டும்.

அடுத்த அறைகளிற் சியேனா நகரத்தவராகிய சிமோனே மார்ற்றினி, தம் உறவினர் லிப்போ மெம்மியுடன் சேர்ந்து 1333இல் அந்நகரின் பேராலயத்துக்குத் தீட்டிய மங்கள வார்த்தை ஓவியம் உண்டு. தேவதூதரின் வாயினின்றும் அன்னையின் செவியை நோக்கிச் செல்லும் வாழ்த்து, பொற்பரப்பில் எழுத்துக்களாகவே புடைத்து நிற்கின்றது. அன்னை அஞ்சி உடலைத் திருப்புகின்றார். ஒலியைக் கண்ணாற் காணும்படி செய்த இவ்வோவியத்தின் எதிரே சற்று நின்றார், கூட்டத்தின் இரைச்சலையும் மறப்பர்.

பலிபீட ஓவியம் ஒன்று தன் இடத்தோடு எவ்வளவு பிணைந்திருந்தது என்பதற்குப் போர்ற்றினாரிப் பலிபீடமே சிறந்த சான்று. மெடிச்சியரின் வங்கிக்குப் புரூஜ் நகரில் முகாமையாளராயிருந்த தொம்மாசோ போர்ற்றினாரி, அந்நாட்டு ஓவியராகிய ஹூகோ வான் டெர் கூசைக் கொண்டு இதனைத் தீட்டுவித்தார். விரித்து வைத்தால் 6 மீற்றருக்குச் சற்றே குறைந்த அகலமுடைய இவ்வோவியம் 1483இற் கடல்வழியாகப் புளோறன்ஸை அடைந்தது. அது வைக்கப்பட்ட இடம் சாந்தா மரியா நுவோவா மருத்துவமனையின் தேவாலயம். அம்மருத்துவமனையை 1288இல் நிறுவியவரும் போர்ற்றினாரிக் குடும்பத்தவரே. அஃது இன்றும் நோயாளரை ஏற்று நடைபெறுகின்றது. யேசுவின் பிறப்பைக் காட்டும் இவ்வோவியத்தின் முன்புறத்தில் ஒரு கோதுமைக் கட்டும், பூக்கள் நிறைந்த இரு கலங்களும் உள. கலங்களுள் ஒன்று, மருந்துக்கடைக்காரர் மருந்து இட்டுவைக்கும் சாடியாகும். படுக்கையை விட்டெழுந்து வந்து பீடத்தின் முன் நின்ற நோயாளி, தான் நாள்தோறும் காணும் சாடியைத் தெய்வக் குழந்தையின் முன்னே கண்டான். வெடித்த கைகளும் பல்லிழந்த வாயுமாக ஓடிவரும் இடையர் மூவரும் அவனைப்போன்ற ஏழைகளே. எண்ணெய் வண்ணத்தின் ஆழத்தையும் அவ்விடையரின் முகங்களையும் கண்ட புளோறன்ஸ் ஓவியர் வியந்தனர். கிர்லாந்தாயோ தம் ஓவியமொன்றில் அவ்விடையரைப் பின்பற்றினார். உபீற்சிச் சுவரில் இன்று அச்சாடியைக் காண்பவருக்கு அது வெறும் பூச்சாடி. சொல்வாரின்றி அதன் பொருள் விளங்காது.

15ஆம் நூற்றாண்டின் ஓவியர் அனைவரையும் இங்கே விரித்தல் இயலாது. பியேரோ டெல்லா பிரான்செஸ்காவின் உர்பினோப் பிரபுவும் மனைவியும் ஒருவரையொருவர் நோக்கிப் பக்கவாட்டில் நிற்கின்றனர். போர்விளையாட்டில் வலக்கண்ணை இழந்த பிரபுவின் இடப்புறமே காட்டப்பட்டுள்ளது. லெயொனார்டோ டா வின்சியின் ஞானியர் வணக்கம் முற்றுப்பெறாதது. அகுஸ்தீனியத் துறவியர் சிலர், நகர மதிலுக்கு வெளியே இருந்த தம் மடத்துக்கென 1481இல் அதனைத் தீட்டுமாறு கேட்டனர். அடுத்த ஆண்டில் அவர் அதனைக் கபில நிற வரைவாகவே விட்டு மிலான் நகருக்குப் போய்விட்டார். துறவியர் பதினைந்து ஆண்டுகள் வரை பொறுத்து, பிலிப்பீனோ லிப்பி என்பாரிடம் வேறோர் ஓவியம் பெற்றுக்கொண்டனர். 1529இல் நகரம் முற்றுகைக்கு உள்ளானபோது அம்மடம் இடிக்கப்பட்டது. முடியாத ஓவியமும் முடிந்த ஓவியமும் இன்று ஒரே கலைக்கூடத்தில் உள. மைக்கலாஞ்சலோவின் வட்ட ஓவியத்திற் காணும் திருக்குடும்பம் தசைவலி மிக்கது. இரபேல், நண்பர் ஒருவரின் திருமணத்துக்கு அளித்த மரியன்னை ஓவியமோ வீடு இடிந்து விழுந்தமையாற் 17 துண்டுகளாகிப் பின் ஒட்டப்பட்டது. பத்து ஆண்டு வரை நீடித்த திருத்தப்பணியின் பின் 2008இல் மீண்டும் காட்சிக்கு வந்தது.

கூட்டத்தின் பெருநெருக்கடி பொற்றிச்செல்லியின் அறையிலேயாம். 'வசந்தம்' 1480ஆம் ஆண்டளவிற் பலகையிலும், 'வீனசின் பிறப்பு' 1485ஆம் ஆண்டளவிற் கித்தானிலும் தீட்டப்பட்டவை. இரண்டும் வசாரியின் காலத்தில் மெடிச்சியரின் கஸ்தெல்லோ மாளிகையில் இருந்தன. இவை தேவாலயத்துக்குரியனவல்ல, ஆயிரம் ஆண்டாக மேனாட்டிற் கைவிடப்பட்டிருந்த பழைய தெய்வங்கள் கிறித்தவச் செல்வர் மாளிகைச் சுவரில் மீண்டும் பெரிய வடிவிலே தோன்றியமைக்குச் சான்றாவன. சிப்பியின்மேல் நிற்கும் வீனசின் முகத்துக்கும், அதே ஓவியர் தீட்டிய மரியன்னையின் முகத்துக்கும் வேறுபாடு மிகச் சிறிதே. சமயமும் அழகும் தம்முள் முரண்படுமோ என்னும் வினா அந்நகரத்தைப் பின்னர்க் கலக்கியது. சவொனரோலா என்னும் துறவியின் தூண்டுதலால், 1497இல் ஆடம்பரப் பொருள்கள் நகரின் பெருஞ்சதுக்கத்திற் குவித்து எரிக்கப்பட்டன. மறு ஆண்டில் அதே சதுக்கத்தில் அத்துறவியே தூக்கிலிடப்பட்டு எரிக்கப்பட்டார். உபீற்சியிலிருந்து அவ்விடம் கூப்பிடு தூரத்திலுள்ளது.

இவ்வறையிற் கைத்தொலைபேசிகள் உயர்த்திய கைகளினூடே ஓவியத்தின் மேற்பாதியே பலருக்குத் தெரியும். 2025 யூன் மாதத்தில், கண்காட்சியொன்றில், பழைய இளவரசன் ஒருவனின் ஓவியத்தின்முன் அவன் நின்றவாறே நின்று படம் பிடிக்க முயன்ற பார்வையாளர் ஒருவர் பின்னே சரிந்து விழ, கித்தான் கிழிந்தது. ஓவியத்துக்கு முதுகு காட்டி நிற்றலே இக்காலத்திற் காட்சி காணும் முறையாயிற்று எனின், அதற்குரிய விலையும் இதுதான்.

இதனினும் பெரிய இடர்களையும் அவ்விடம் கண்டுள்ளது. இரண்டாம் உலகப்போரின்போது ஓவியங்கள் நகருக்கு வெளியே நாட்டுப்புற மாளிகைகளுக்குக் கொண்டுபோகப்பட்டன. 1944 ஓகஸ்டிற் பின்வாங்கிய செருமானியர், பழைய பாலம் ஒன்றை விடுத்து நகரின் ஏனைய பாலங்கள் அனைத்தையும் தகர்த்தனர். 1966 நவம்பர் 4ஆந் திகதி ஆர்னோ பெருகி நகருட் புகுந்தது. உபீற்சியின் ஓவியங்கள் மேன்மாடத்தில் இருந்தமையாற் பெரும்பாலும் தப்பின; கீழே இருந்த அரசாங்கச் சுவடிகளோ சேற்றில் மூழ்கின. ஆனாற் சாந்தா குறோச்சேத் தேவாலயத்தின் அரும்பொருட்கூடத்திற் கீழ்த்தளத்தில் இருந்த சிமாபூவேயின் பெருஞ்சிலுவை, தன் வண்ணத்தின் அரைப்பங்குக்கு மேல் இழந்தது. அரும்பொருட்கூடம் என்னும் பெயர் மாத்திரம் ஒன்றையுங் காப்பாற்றிவிடாது. தளம் எத்தனையாவது என்பதும் வேண்டும். 1993 மே 27ஆந் திகதி பின்னிரவில், மாபியாக் கூட்டத்தார் கலைக்கூடத்தை அடுத்த ஜியோர்கோபீலித் தெருவில் மோட்டார் வண்டியொன்றில் வைத்த குண்டு வெடித்தது. கணவனும் மனைவியும், அவர்தம் இரு பெண்குழந்தைகளும், ஒரு மாணவனும் உயிரிழந்தனர். குழந்தைகளுள் ஒன்று பிறந்து இரண்டு மாதமும் நிறையாதது. ஓவியங்கள் மூன்று முற்றாக அழிந்தன. அழிந்த ஓவியங்களைப் பற்றி எழுதுவார் சிலர் அவ்வைவரைப் பின்னே கூறுதல் முறையன்று.

இனி, தேவாலயத்துக்கென ஆக்கியவை கலைக்கூடத்தில் இருத்தல் தகுமோ என்பதே வினா. கொழும்பில் 1877இற் பிறந்து, 1917 முதற் பொஸ்ரன் நுண்கலை அரும்பொருட்சாலையிற் பணிபுரிந்த ஆனந்த குமாரசுவாமி, கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பது எதற்காக என்னும் வினாவையே தலைப்பாகக் கொண்ட நூலொன்றை 1943இல் வெளியிட்டார். அரும்பொருட்சாலையில் உள்ளவை எவையும் அங்கே வைத்தற்கென ஆக்கப்பட்டனவல்ல. ஒரு பயன் கருதி ஆக்கப்பட்டவை. அப்பயனை அறியாது வடிவின் இனிமையை மட்டும் நுகர்தல் கலையை அறிதலாகாது என்பது அவர் துணிபு. சைவத் திருவுருவங்களுக்கு மாத்திரமன்றி இடைக்காலக் கிறித்தவ ஓவியங்களுக்கும் அவர் அதனையே கூறினார். இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கும்பாபிடேகத்தால் இறைவன் திருவுருவத்தில் எழுந்தருளுகின்றான் என்பது சைவர் கொள்கை. கத்தோலிக்கத் திருச்சபையோ, படத்துக்குச் செய்யும் வணக்கம் படத்திற் காட்டப்பட்டவரையே சென்றடையும் என 787ஆம் ஆண்டு நிக்கேயாச் சங்கத்தில் வரையறுத்தது. ஆகவே இடம்பெயர்ந்த பலிபீட ஓவியமும் இடம்பெயர்ந்த மூர்த்தியும் ஒருதன்மையனவல்ல. எனினும் பூசையை விட்டு வந்தன என்ற அளவில் இரண்டும் ஒன்றே.

2020ஆம் ஆண்டில் இவ்வினா உபீற்சியின் உள்ளிருந்தே எழுந்தது. அப்போது அதன் இயக்குநராயிருந்த ஐக்கே சிமித், அரசாங்கக் கலைக்கூடங்களில் உள்ள சமய ஓவியங்களை அவை தோன்றிய தேவாலயங்களுக்கு மீட்டு அளித்தல் பற்றி எண்ணவேண்டும் எனக் கூறி, டூச்சியோவின் மரியன்னையையே எடுத்துக்காட்டாகத் தந்தார். தம் கலைக்கூடத்தின் முதல் மண்டபத்து மணியொன்றைத் தாமே கொடுக்க முன்வந்த அவர் துணிவு பாராட்டற்பாலது. மறுத்தாருடைய காரணங்களும் எளியனவல்ல. ஈரமும் புகையும் திருட்டும் தேவாலயங்களில் இல்லாமலில்லை. லெயொனார்டோவின் ஓவியத்துக்குத் திரும்பிச் செல்ல இடமே இல்லை. மடம் மண்ணோடு மண்ணாயிற்று. மூன்று மரியன்னையரையும் ஒருங்கு காணும் கல்வியும் கெட்டுவிடும். அவ்வவ்வோவியத்தை அதனதன் வரலாறு நோக்கித் தனித்தனியே தீர்மானிப்பதன்றி, எல்லாவற்றுக்கும் ஒரு விதி செய்தல் பொருந்தாது. டூச்சியோவின் ஓவியத்தைப் பொறுத்தவரை சிமித் அவர்களின் பக்கமே வலியுடையது: அதற்குரிய தேவாலயம் நிற்கின்றது, அங்கே வழிபாடும் நடைபெறுகின்றது.

உபீற்சியைக் கண்டு வெளிவருவோர் கால்மணி நேரம் நடந்தால் அத்தேவாலயத்தை அடையலாம். ஜியோற்றோ இளமையில் தீட்டிய பெருஞ்சிலுவை, பன்னீராண்டுத் திருத்தப்பணியின் பின் 2001இல் அங்கு மீண்டு, நடுமண்டபத்தில் தலைக்குமேல் உயரே தொங்குகின்றது. அண்ணாந்து நோக்கினாலன்றி அதன் முகம் தெரியாது. தீட்டியவர் கருதிய பார்வையும் அதுவே. டூச்சியோவின் மரியன்னை ஒருகாலத்திருந்த ருச்செல்லாயிச் சிற்றாலயம் வலப்புறத்திற் படிகளுக்குமேல் உளது. அத்தேவாலயத்தின் வாயிலிலும் இக்காலத்தில் நுழைவுச்சீட்டு விற்கப்படுகின்றது. செபஞ் செய்ய வருவோரிடம் பணம் வாங்குவதில்லை.